லண்டனும் பெயர் தெரியாத ஒரு நடிகரும்

எழுபதுகளில் கள்ளக்குறிச்சியில் முடிவெட்டிக்கொண்டு, இங்கிலாந்து நாடக மேடையைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் வீடு திரும்பிய ஆண்மகன் ஒருவர்கூடக் கிடையாது. மூட்டை தூக்குகிறவர் முதல் வக்கீல் குமாஸ்தா வரை எல்லோருக்கும் அந்த விஷயத்தில் ஞானம் இருந்தது. காரணம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சலூன். ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி, ஒரே ஆள். அந்த ஆளுக்கு ஊர் வைத்த பெயர் லண்டன்.

இந்த லண்டன் கிழக்கே விழுப்புரத்தைத் தாண்டியதில்லை. அங்கேயும் ஒரே ஒரு முறை, கண்ணாடி வாங்கப் போனார். போன பஸ்ஸிலேயே திரும்பி வந்து, “ஊரா சார் அது? ஒருத்தனுக்கும் கிருதா நேரா இல்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதோடு அவருடைய உலகப் பயணம் முடிந்தது.

அவருக்கு லண்டன் என்று பெயர் வந்தது ஒரு தாளால். மளிகைக் கடையில் துவரம் பருப்பு மடித்துக் கொடுத்த தாள். வீட்டுக்கு வந்து பிரித்தால், ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையின் பக்கம். அதில் கிரீடம் வைத்து, தாடியோடு பக்கவாட்டில் திரும்பி நிற்கிற ஒரு நடிகர். பெயர் இருந்த இடத்தைக் கடைக்காரர் கிழித்து வேறு யாருக்கோ சீரகம் மடித்துக் கொடுத்துவிட்டார். ஆகவே கடைசி வரை அந்த நடிகருக்கு எங்கள் ஊரில் பெயர் கிடையாது. லண்டனுக்கு அவர் ‘நம்மாளு.’ எங்களுக்கும் அப்படியே.

லண்டன் மயங்கியது நடிப்பில் அல்ல, தாடியில். அந்தத் தாடியை ஒதுக்கியவன் பெரிய தொழில்காரன் என்பது அவர் கட்சி. தாலுகா ஆபீசில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாவான நான், அறிவாளித்தனமாக ஒரு நாள் வாய் திறந்தேன்.

“அது ஒட்டுத்தாடியா இருக்கும் அண்ணே. நாடகத்துல ஒட்டிக்குவாங்க.”

கத்தரி நின்றது. “யார்கிட்ட சொல்றீங்க சார்? இருவது வருஷமா தாடி எடுத்துக்கினு கீறேன். மொளச்ச தாடி எது, மொளைக்காத தாடி எதுன்னு எனக்குத் தெரியாதா?”

அந்த மாதம் முழுவதும் என்னுடைய வலது கிருதா இடது கிருதாவைவிட ஒரு விரல் உயரத்தில் இருந்தது.

தாளில் இருந்த அரைப் பத்தியை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் படித்துச் சொல்லியிருக்கிறார். கடலோர ஊரில் பிறந்தவர், லண்டனுக்கு ஓடிப் போனவர், நாடகத்தில் ராஜா வேஷம், பிறகு சினிமா, மகாராணி கையால் பட்டம். அவ்வளவுதான் விஷயம். மீதியை லண்டன் பார்த்துக்கொண்டார்.

அவர் அதைச் சொல்கிற முறைதான் விசேஷம். வேலைக்குத் தகுந்த கதை. வெறும் ஷேவிங் என்றால் நடிகரின் பிள்ளைப் பருவம் மட்டும்: வலை பின்னுகிற அப்பா, சீக்கிரம் செத்துப்போன அம்மா, கொடுமைக்காரச் சின்னம்மா, கடைசியில் ரயிலேறிவிடுவார். கட்டிங் என்றால் ரயிலைவிட்டு இறங்கி, நாடகக் கம்பெனியில் சேர்ந்து, ஈட்டி பிடித்து நிற்கும் காவல்காரன் வேஷம் வரைக்கும். கட்டிங்கும் ஷேவிங்கும் சேர்த்துச் செய்துகொண்டால் ராஜா வேஷமும் யுத்த காலமும். அதற்கு மேல் எண்ணெய் வைத்துத் தலையைப் பிடித்துவிடச் சொன்னால்தான் சினிமாவும் மகாராணியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஷேவிங்குக்கு மேல் வசதியில்லை. மூன்று மாதம் அந்த மனிதர் என் மனதில் ரயிலிலேயே உட்கார்ந்திருந்தார்.

கதையில் இங்கிலாந்து எது, கள்ளக்குறிச்சி எது என்று பிரிக்க முடியாது. லண்டன் பார்த்த நாடகமெல்லாம் ரிஷிவந்தியம் பக்கத்தில் நடக்கிற தெருக்கூத்துதான். ஆகவே இங்கிலாந்திலும் நாடகம் விடிய விடிய நடந்தது. நம்மாளு திரைக்குப் பின்னால் நின்று சலங்கையைத் தட்டிவிட்டுத்தான் மேடைக்கு வருவார். யுத்தத்தில் ஜெர்மன்காரன் வானத்திலிருந்து குண்டு போட்டபோதும் ஆட்டம் நிற்கவில்லை. “ஒரு ஆளு எழுந்துக்கல சார். எழுந்தா எடம் போயிடும்ல” என்பார்.

இந்தக் கதையில் ஆபத்தான கட்டம், மகாராணி பட்டம் கொடுக்கிற கட்டம். அங்கே வழக்கம் என்னவென்றால், மண்டி போட்டவரின் தோளில் கத்தியை வைப்பார்கள். லண்டன் அந்த இடத்துக்கு வரும்போது அவர் கையிலிருக்கும் சவரக்கத்தி சரியாக நம் தொண்டைக்குழியில் இருக்கும்.

“அந்தம்மா கத்திய எடுத்து வைக்குது. நம்மாளு அசையல. ஏன்? கத்தி மேல கீறப்ப அசையக் கூடாதுன்னு தெரிஞ்ச மனுஷன். நீங்களும் அசையாதீங்க.”

நாங்கள் அசைந்ததில்லை. ஆனாலும் கதை சூடு பிடித்தால் கத்தி ஒரு பக்கம், கவனம் ஒரு பக்கம். காதோரம் ஒரு கீறல், பிடரியில் ஒரு படிக்கட்டு இல்லாமல் யாரும் அந்த நாற்காலியிலிருந்து இறங்கியதில்லை. வெளியூர்க்காரர்கள் எங்களைப் பார்த்ததும், “நீங்க கள்ளக்குறிச்சிங்களா?” என்று கேட்பார்கள்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த கதையில் வினையை இழுத்துவிட்டவர் சங்கராபுரம் பஸ் கண்டக்டர். கட்டிங் முடிகிற நேரத்தில், “எல்லாம் சரிப்பா, அவுருக்கு வூட்ல எத்தினி பேரு?” என்று கேட்டுத் தொலைத்தார். பருப்புத் தாளில் அதற்குப் பதில் இல்லை. லண்டன் சீப்பைக் கத்தரியில் தட்டினார்.

“சம்சாரம் இல்ல. தவறிப் போச்சி. ஒரே பொண்ணு.”

“கண்ணாலம் ஆச்சா?”

“எங்க ஆவறது? அப்பன்காரன் இன்னிக்கு நாடகம், நாளைக்கு சினிமான்னு போய்க்கினே இருந்தா மாப்ள யாரு பாக்கறது?”

அன்று பிடித்தது சனி. அந்தப் பெண்ணுக்கு வரன் அமையாத கவலை மொத்த பஸ் ஸ்டாண்டையும் பிடித்துக்கொண்டது. ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வயதுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு என்ன ராஜா வேஷம் வேண்டியிருக்கிறது என்றது ஒரு கட்சி. தாயில்லாப் பெண்ணை வளர்த்ததே பெரிய விஷயம் என்றது எதிர்க்கட்சி. தாலுகா ஆபீசில் எந்த ஃபைலும் அசையாத நாட்களில்கூட இந்த விவகாரம் அசைந்துகொண்டிருந்தது. எங்கள் தாசில்தாரே, எனக்கு முடி வளர்ந்திருப்பதைப் பார்த்து, “போய் வெட்டிக்கிட்டு வாய்யா. அந்தப் பொண்ணு விஷயம் என்னாச்சுன்னும் கேட்டுட்டு வா” என்று அனுப்பினார்.

ஒன்றரை வருஷம் இழுத்து, ஒருவழியாகக் கப்பலில் இன்ஜினியராக இருக்கும் ஒரு பையன் அமைந்தான். குடிப்பழக்கம் இல்லை. இங்கிலாந்தில் அது கிடைக்காத சம்பந்தம் என்று லண்டன் விளக்கினார். தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. ஊர் மூச்சு விட்டது.

கார்த்திகையில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இங்கிலீஷ் வாத்தியார் மாற்றலாகி வந்தார். எம்.ஏ. படித்தவர். பாவம், நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாது என்ற ஒரு குறைதான். அவர் சலூனுக்கு எதிர் வரிசை லாட்ஜில் இறங்கியதாகக் கேள்விப்பட்டேன். நேராக சலூனுக்குப் போனேன்.

“அண்ணே, அவரு இங்கிலீஷ் நாடகமெல்லாம் கரைச்சுக் குடிச்சவராம். உங்க ஆளை அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.”

லண்டன் முகம் மலர்ந்தது. “நெசமாவா சார்? இத்தினி வருஷமா நானேதான் சொல்லிக்கினு கீறேன். ஒரு தடவையாவது நான் உக்காந்து கேக்கறேன்.”

அந்த மனிதருக்குத் தான் சொல்வதில் பொய் கலந்திருக்கிறது என்ற நினைவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னால் லண்டனிடம் மிஞ்சுவது ஒரு கத்தரியும் ஒரு பருப்புத் தாளும்தான். பயந்து போய், வாத்தியாரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம் என்று நினைத்தேன். எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

அன்று சலூனில் பதினைந்து பேர். எல்லோரும் முந்தின நாள் முடிவெட்டிக்கொண்டவர்கள். வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தார். லண்டன் சோப்பு நுரை போட்டு ஒரு கன்னத்தை முடித்தார். அப்போது வாத்தியார் கண்ணாடியில், தனக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார்.

“அடடே, இவர் படம் இங்க எப்படி வந்தது?” என்று சொல்லி ஒரு பெயரையும் சொன்னார். அந்தப் பெயர் எங்கள் ஆளுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. அதை இங்கே எழுதி உங்களையும் கெடுக்க விரும்பவில்லை.

லண்டன் கத்தியோடு முன்னால் வந்து நின்றார். “உங்களுக்குப் பழக்கமா சார்? எப்படி கீறாரு? ஒடம்பெல்லாம் நல்லா கீதா?”

“அவர் காலமாகி நாலு வருஷம் ஆச்சே.”

சலூனில் மின்விசிறி கிடையாது. இருந்திருந்தால் அதன் சத்தம் கேட்டிருக்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன மனிதருக்குப் போன மாதம் சளிக்காய்ச்சல் என்று நாங்கள் கவலைப்பட்டிருந்தோம்.

லண்டன் மெல்லக் கேட்டார். “பொண்ணு தனியாவா சார் கீது?”

“எந்தப் பொண்ணு? அவர் கல்யாணமே பண்ணிக்கலையே. கடைசியில பக்கத்துல யாருமில்லாமத்தான் போயிட்டார் பாவம்.”

லண்டன் கத்தியைத் துடைத்து மடித்தார். துண்டை ஆணியில் மாட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார். ஒரு கன்னத்தில் நுரையோடு வாத்தியார் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பதினைந்து பேரில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மறுகன்னத்தை அவரே லாட்ஜ் அறையில் செய்துகொண்டார் என்று கேள்வி.

இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் நானும் கண்டக்டரும் கருணாபுரத்தில் இருந்த லண்டன் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“யாருங்க செத்தது? எங்கம்மா வூட்லயும் யாரும் சாவல, அவுரு வூட்லயும் யாரும் சாவல. கேட்டா நம்மாளுங்கறாரு. எந்த ஊரு ஆளுன்னு சொன்னா நானும் ஒரு மொறைக்கு அழுவேன்ல.”

உள்ளே லண்டன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை மொட்டை. மீசையும் இல்லை. மூங்கில்துறைப்பட்டில் சலூன் வைத்திருக்கும் பங்காளியிடம் போய்ப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கண்டக்டர் எதையும் நேராகக் கேட்டுவிடுகிற ஆள்.

“இன்னாப்பா இது? சொந்தமா பந்தமா?”

“புள்ள குட்டி இல்லன்னுட்டாரே வாத்தியாரு” என்றார் லண்டன். “அப்ப மொட்ட போட ஒரு ஆளு வோணுமில்ல?”

நாங்கள் இருவரும் காபி குடிக்காமல் திரும்பினோம். வழியில் கண்டக்டர் அழுதார். தூசு விழுந்துவிட்டது என்றார். எனக்கும் அந்தத் தூசுதான்.

மறுநாள் கடை திறந்தது. படத்தைக் கழுவாத குறையாகத் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தார் லண்டன். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் பேச்சு நின்றுவிட்டது. “கட்டிங்கா?” என்பார். முடிந்ததும் துண்டை உதறுவார். அவ்வளவுதான்.

அதன் விளைவு பயங்கரமாக இருந்தது. பேச்சு போனதும் தொழில் வந்துவிட்டது. கிருதா இரண்டும் ஒரே உயரம். பிடரி மழமழவென்று இறங்கியது. காதில் கீறல் இல்லை. பொங்கலுக்குள் மொத்தக் கள்ளக்குறிச்சியும் அழகாகிவிட்டது. கண்டக்டருக்கு மாப்பிள்ளைக் களை வந்து, அவர் மனைவி சந்தேகப்பட ஆரம்பித்தார். என்னைப் பார்த்த தாசில்தார், “எந்த ஊர்ல வெட்டின?” என்று கேட்டுவிட்டு வருத்தமாகப் பேனாவை மூடினார். ஊரில் ஒருவருக்கும் நிம்மதியில்லை. இந்த மனிதர் இனிமேல் வாயைத் திறப்பாரா மாட்டாரா என்பதுதான் எல்லோருக்கும் கவலை. மனிதர் மெலிந்துகொண்டே வந்தார்.

வாத்தியாருக்கும் தூக்கமில்லை. அவர் என்னைத் தேடி ஆபீசுக்கே வந்தார்.

“நான் என்ன சார் தப்பு பண்ணேன்? உண்மையைத்தானே சொன்னேன்?”

“அதுதான் சார் பண்ணினீங்க” என்றேன்.

அவர் மெட்ராஸிலிருந்து, அந்த நடிகரின் படங்கள் போட்ட ஒரு புத்தகத்தை வரவழைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். லண்டன் இரண்டு கையாலும் வாங்கி, பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். பிரிக்கவில்லை. வாத்தியார் அதன்பிறகு தினமும் சலூனுக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். போக அவருக்கு மனசு வரவில்லை, பேசவும் தைரியமில்லை.

தை பாதியில் ஒரு காலை. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை கடுக்காயும் புளியும் விற்க இறங்குகிறவர். இறங்கினால் லண்டனிடம் உட்கார்ந்து முழுக்கதையும் கேட்டுவிட்டுத்தான் கச்சிராயபாளையம் பஸ் பிடிப்பார். கல்யாணம் நிச்சயமானது வரை அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் மலைக்குப் போகவில்லை. அவர் தோளில் ஒரு சிறு மூட்டை, கையில் ஒரு பாட்டில்.

“சாம அரிசிப்பா. இது தேனு. பொண்ணுக்கு மொற செய்யணும்ல, அதான் கொண்டாந்தன். எந்த வழியா அனுப்புறது, சொல்லு” என்றபடியே சுவரைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“எப்பப்பா?”

“கார்த்திகையில” என்றார் லண்டன். இரண்டு மாதத்தில் ‘கட்டிங்கா’வைத் தவிர நாங்கள் கேட்ட முதல் வார்த்தை அது. கார்த்திகையில்தான் எங்களுக்குத் தெரிய வந்தது, அதனால் கணக்கு சரிதான்.

பெரியவர் லண்டனின் தலையைப் பார்த்தார். முள்முள்ளாக அரை அங்குலம் முடி வளர்ந்திருந்தது.

“நீயா போட்ட?”

“ஆமாங்க.”

“அப்ப கண்ணாலம்?”

லண்டன் தலையைக் குனிந்து சீப்பைத் துடைத்தார். பெஞ்சில் நானும் கண்டக்டரும் இருந்தோம், மூலையில் வாத்தியார். கல்யாணமும் இல்லை, பெண்ணும் இல்லை என்று சொல்ல வேண்டிய இடம். அந்தச் சாமை மூட்டையை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? பெரியவரே பேசினார். அதட்டலாகத்தான் பேசினார்.

“இன்னா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு நிக்கற? அப்பனுக்கு மொட்ட போட்டவன் நீ. அந்தப் பொண்ணுக்கு அண்ணன்காரன் வேற எவன் கீறான்? நீதான் நின்னு நடத்தணும். தை தவறிப் போனா பங்குனி முடிஞ்சி வையி. ஒக்காந்துட்டா ஆச்சா?”

லண்டன் தலையைத் தூக்கினார். கண்ணாடியில் வாத்தியாரைப் பார்த்தார். அந்தப் பெண் இல்லை என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். வாத்தியார் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன், கண்டக்டர் பார்த்தார், மலைக்காரப் பெரியவரும் எதற்கென்று தெரியாமலே பார்த்தார்.

வாத்தியார் பேப்பரை மடித்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய்யாக அது இருக்க வேண்டும், ஏனென்றால் காது இரண்டும் சிவந்துவிட்டன.

“மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்றாங்க?” என்று கேட்டார்.

லண்டன் அவர் பக்கம் திரும்பினார். பிறகு பெரியவரைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். துண்டை உதறிக் கழுத்தில் சுற்றினார். கத்தரியை எடுத்துக் காற்றில் இரண்டு வெட்டு வெட்டினார்.

“தங்கமான மனுஷங்க சார் அவங்க” என்றார். “பொண்ணு மனசு ஆறட்டும், எத்தினி நாளானாலும் நாங்க காத்துக்கினு கீறோம்னுட்டாங்க. பையன்தான் கப்பல்ல கீறான். அவனுக்குத் தந்தி குடுத்துக்கீது.”

“அப்பிடிச் சொல்லு” என்றார் பெரியவர்.

நான் அன்று ஆபீசுக்குப் போகவில்லை. கண்டக்டரின் பஸ் ஒரு நடை நின்றுபோனது.

கல்யாணம் சித்திரையில், அதே ஒற்றை நாற்காலியில் நடந்தது. லண்டன்தான் முன்னால் நின்று எல்லாவற்றையும் செய்தார். முடி வளர்ந்திருந்ததோ இல்லையோ, நாங்கள் எல்லோரும் போயிருந்தோம்.